குளோன் இருக்கிறது, பேக்கப் இருக்கிறதா?

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். ஏழு கணினிகள், அவற்றில் ஒன்றுதான் எல்லோருக்கும் சர்வர். சனிக்கிழமை மாலை ஆறு மணியானால் அங்கே ஒரு சடங்கு நடக்கும். சர்வரை ஷட்டவுன் செய்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, பிரெட் டோஸ்டர் மாதிரி இரண்டு வாய் உள்ள ஒரு டாக்கில் செருகுவார்கள். பக்கத்து வாயில் அதே அளவில் இன்னொரு டிஸ்க். பட்டனை அழுத்திப் பிடித்தால் நான்கு குட்டி விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்: 25, 50, 75, 100. நான்காவதும் எரிந்ததும் அந்த நகலை (அதற்குத்தான் குளோன் என்று பெயர்) பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். நான்கு வருடமாக ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அந்த அலுவலகத்துக்குச் சிஸ்டம் பார்த்துக்கொடுக்கும் எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஒரு செப்டம்பர் மாதம், டாக்ஸ் ஆடிட் நெருக்கடியில், ஒரு ஸ்பின்னிங் மில்லின் கணக்குக் கோப்புறை மேல் வேறொரு பார்ட்டியின் கோப்புகள் போய் உட்கார்ந்துவிட்டன. இரண்டு மில்லுக்கும் பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். 'ஏற்கனவே இருக்கிறது, மாற்றி எழுதட்டுமா?' என்று விண்டோஸ் கேட்டிருக்கும், யாரோ 'சரி' சொல்லியிருப்பார்கள். நடந்தது ஒரு திங்கட்கிழமை. தெரியவந்தது பதினேழு நாள் கழித்து வந்த வியாழக்கிழமை.

"அதனாலென்னங்க சார், சனிக்கிழமை குளோன் இருக்குதுங்கள்ல" என்றபடி அலுவலகத் தம்பி பீரோவைத் திறந்தான். குளோன் இருந்தது. தப்பான கோப்புகளும் அதில் எழுத்துப் பிசகாமல் இருந்தன. நடுவில் இரண்டு சனிக்கிழமைகள் போயிருந்தன அல்லவா? முதல் சனிக்கிழமையே நல்ல நகல் அழிந்துவிட்டது. அதை அழித்ததும் நாங்களேதான், பட்டனை அழுத்தி, விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு.

இதற்குத் தமிழில் வெகு காலமாகவே ஒரு பெயர் உண்டு: ஈயடிச்சான் காப்பி. மூலத்தாளில் செத்து ஒட்டியிருந்த ஈயைப் பார்த்துவிட்டு, தானும் ஓர் ஈயைத் தேடி அடித்து நகலில் அதே இடத்தில் ஒட்டிவைத்தவன் கதை. குளோனிங் மென்பொருளுக்கு நாம் கொடுத்திருக்கும் வேலையே அதுதான். டிஸ்க்கை அது செக்டர் என்னும் சிறு துண்டுகளின் நீண்ட வரிசையாகப் பார்க்கிறது. முதல் செக்டரிலிருந்து வாசிக்கிறது, அந்தப் பக்கம் எழுதுகிறது. கொஞ்சம் கெட்டிக்கார மென்பொருளாக இருந்தால் காலியான இடங்களைத் தாண்டிப் போகும், அவ்வளவே. எந்தக் கோப்பு சரி, எது நேற்று உடைந்தது, எது வைரஸ் என்பதெல்லாம் அதன் கண்ணில் படாது.

டிஸ்க் செத்துப்போனால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். கடகடவென்று சத்தம் வரும், திரை நீலமாகும், அலுவலகமே எழுந்து நிற்கும். அந்த ஒரு விபத்துக்குக் குளோன் நல்ல மருந்து. ஆனால் தரவை இழப்பவர்கள் எல்லோரும் இப்படிச் சத்தம் போட்டா இழக்கிறார்கள்? தெரியாமல் டெலீட் ஆன கோப்புறை, தப்பான பெயரில் சேமித்த ஷீட், கரண்ட் போனபோது பாதியில் நின்ற டேட்டாபேஸ்: இவையெல்லாம் சத்தமில்லாத சேதங்கள். வாரக்கணக்கில், சில சமயம் அடுத்த மார்ச் வரைக்கும் வெளியே வராது. அதனால் பேக்கப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை நாள் பின்னால் போக முடியும் என்பது. ஒரே டிஸ்க்கில் மாற்றி மாற்றி எழுதும் குளோனுக்கு அதற்கு ஒரே பதில்தான் உண்டு: கடைசி சனிக்கிழமை வரை. உ.வே.சா. ஒரே நூலுக்காக ஊர் ஊராக அலைந்து பல ஏடுகளைச் சேர்த்தார். ஒரு ஏட்டில் சிதைந்த வரி இன்னொன்றில் நன்றாக இருக்கும் என்பதுதான் காரணம். கையிலிருந்த ஒரே ஏட்டை அச்சு அசலாகப் பத்துத் தடவை படியெடுத்திருந்தால் பத்திலும் அதே சிதைவுதான் மிஞ்சியிருக்கும்.

குளோனிங் பிறந்ததே வேறு வேலைக்கு. 1995-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், பைனரி ரிசர்ச் என்ற நிறுவனத்தில் மர்ரே ஹசார்ட் எழுதிய 'கோஸ்ட்' தான் இதைப் பரவலாக்கியது. 1998-ல் சைமன்டெக் அதை வாங்கி நார்ட்டன் பெயரில் விற்றது. நம்மூர் பிரவுசிங் சென்டர்களிலும் கல்லூரி லேப்களிலும் அது ஒரு வினைச்சொல்லாகவே ஆனது: "அந்த சிஸ்டத்துக்குக் கோஸ்ட் போட்டுடுப்பா." ஒரு கணினியில் விண்டோஸ், ஆபிஸ், தமிழ் ஃபான்ட் எல்லாம் ஏற்றிவிட்டு, அதை அச்சாக வைத்து மற்ற இருபதுக்கும் ஊற்றிவிடுவார்கள். இருபதும் ஒரே மாடல், ஒரே மதர்போர்டு. அவற்றில் யாருடைய கணக்கும் இருக்காது. வைரஸ் வந்தால் திரும்பக் கோஸ்ட் போட்டால் போயிற்று. நார்ட்டன் கோஸ்ட் விற்பனை 2013-ல் நின்றது. அக்ரோனிஸ், மேக்ரியம், தைவான் ஆய்வு மையம் ஒன்றில் உருவான இலவச குளோன்சில்லா என்று வாரிசுகள் வந்தார்கள். கருவி வளர்ந்தது. அச்சு வார்க்கும் கருவியைப் பெட்டகமாக நினைக்கும் பழக்கமும் கூடவே வளர்ந்தது.

சரி, டிஸ்க் செத்த அந்த ஒரு விபத்துக்காவது குளோன் உறுதியாகக் கைகொடுக்குமா? அதே கணினியில் திரும்பப் பொருத்தினால் பெரும்பாலும் கொடுக்கும். மதர்போர்டும் சேர்ந்து போய், கடையில் புதுக் கணினி வாங்கி அதில் மாட்டினால்தான் கதை மாறும். குளோனுக்குள் இருக்கும் விண்டோஸ், தான் இன்னும் பழைய வீட்டில் இருப்பதாகவே நினைத்து எழுந்திருக்கும். டிஸ்க்கைப் பேசவைக்கும் கன்ட்ரோலர் பழையதில் ஒரு முறையிலும் (இன்டெல் ரெய்டு என்று வையுங்கள்) புதியதில் வேறு முறையிலும் இருந்தால், பூட் ஆகும்போதே தன் டிஸ்க்கைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் 0x7B என்ற நீலத்திரையோடு நின்றுவிடும். சரியான டிரைவரை வெளியிலிருந்து செருகி எழுப்பலாம்தான். ஆனால் நாளைக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய இரவில் அதற்கு யாருக்குப் பொறுமை இருக்கும்?

இன்னொன்று, யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகும் கணினிகளில் எந்த டிஸ்க்கின் எந்தக் கோப்பிலிருந்து எழ வேண்டும் என்ற குறிப்பு மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. டிஸ்க்கை எவ்வளவு நுணுக்கமாக நகலெடுத்தாலும் டிஸ்க்கில் இல்லாதது நகலில் வராது. யுஎஸ்பியில் செருகும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் டிஸ்க்கில் இல்லாததுதான். இயந்திரத்தோடு கட்டிப்போட்ட மென்பொருள் லைசென்ஸ்களும் புதுக் கணினியில் முறுக்கிக்கொள்ளும்.

டிஸ்க்கையே சாவி போட்டுப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் விஷயம் இதைவிடச் சிக்கல். 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவிய பல கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்தாலே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. ஹோம் பதிப்பும் இதற்கு விலக்கில்லை. நிறையப் பேருக்கு இது நடந்ததே தெரியாது. சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப்பில் இருக்கும். இந்த டிஸ்க்கை டாக்கில் வைத்து நகலெடுத்தால் பூட்டிய டிஸ்க்கின் பூட்டிய நகல் கிடைக்கும். வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் நான்கு விளக்கும் எரிந்த அந்த நகல் பேப்பர் வெயிட்டுக்குத்தான் ஆகும். மாறாக, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து ஒரு மென்பொருள் குளோன் எடுத்தால், அது வாசிப்பது பூட்டுத் திறந்த தரவை. அதனால் நகல் பெரும்பாலும் பூட்டே இல்லாமல் வந்து விழும். நூற்றுக்கணக்கான பார்ட்டிகளின் பான் எண்ணும் வங்கி விவரமும் திறந்த டிஸ்க்காக பீரோவில் கிடக்கும். இந்த இரண்டாவதைப் பற்றி யாரும் பேசி நான் அதிகம் கேட்டதில்லை, எனக்கு அதுதான் கூடுதலாகப் பயம்.

மேக் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். வெளி டிஸ்க்கில் முழு குளோன் வைத்து, அவசரத்துக்கு அதிலிருந்தே பூட் செய்வது மேக் உலகில் பெரிய பாரம்பரியமாக இருந்தது. 2020-ல் வந்த பிக் சர் என்ற மேக் பதிப்பு, இயங்குதளப் பகுதியையே ஆப்பிளின் கையெழுத்தோடு முத்திரையிட்டு மூடிவிட்டது. ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் உள்ளேயிருக்கும் எஸ்எஸ்டி செத்தால் வெளி டிஸ்க்கிலிருந்தும் எழ முடியாது. மேக்கில் குளோன் எடுக்கும் மென்பொருளான கார்பன் காப்பி குளோனரை எழுதியவர்களே இப்போது பூட் ஆகும் நகலை நம்ப வேண்டாம், தரவை மட்டும் எடுத்து வையுங்கள் என்கிறார்கள். குளோனுக்குப் பெயர்போனவர்கள் வாயிலிருந்தே இது வருவதைக் கவனியுங்கள்.

இனி டாக்கின் சங்கதிக்கு வருவோம். இரண்டு வாயில் ஒன்று மூலம், மற்றது நகல். சிலவற்றில் ஏ, பி என்று போட்டிருக்கும், சிலவற்றில் அம்புக்குறி. இரண்டு வருடத்தில் கை பட்டுப் பட்டு அந்த எழுத்து அழிந்துவிடும். மாற்றிச் செருகினால் அது கேள்வியே கேட்காது. காலி டிஸ்க்கை அத்தனை விசுவாசமாகக் கணக்கு டிஸ்க்கின் மேல் ஊற்றும். டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை முதல் சில நொடிகளிலேயே போய்விடும். பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால் மீதியும் போய்விடும். லினக்ஸ்காரர்கள் இதையே 'டிடி' என்ற இரண்டெழுத்துக் கட்டளையில் செய்வார்கள். உள்ளீடும் வெளியீடும் இடம் மாறிப் பலர் குடும்பப் படங்களை இழந்திருக்கிறார்கள். அதனால்தான் அதற்கு 'டிஸ்க் டெஸ்ட்ராயர்' என்று செல்லப்பெயர்.

அளவும் காலை வாரும். பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு டாக்கில் நகலெடுக்க முடியாது, உள்ளே தரவு 60 ஜிபிதான் இருந்தாலும் சரி. செக்டர் எண்ணிக்கைதான் அதற்குக் கணக்கு. சில யுஎஸ்பி பெட்டிகள் 512 பைட் செக்டர்களை 4096 பைட்டாகக் கணினிக்குக் காட்டும். அப்படி எழுதிய டிஸ்க்கைக் கழற்றி நேராக மதர்போர்டில் மாட்டினால் காலி டிஸ்க் போல முழிக்கும். தரவு முழுக்க உள்ளே இருக்கும், அந்தப் பெட்டி வழியாக மட்டும் தெரியும்.

'சும்மா நகல் சரியா இருக்கான்னு பார்க்கலாமே' என்று இரண்டு டிஸ்க்கையும் ஒரே கணினியில் மாட்டுவதும் ஆபத்துதான். பழைய எம்பிஆர் முறை டிஸ்க்குகளில் நான்கு பைட்டில் ஓர் அடையாள எண் உண்டு. நகலிலும் அதே எண்தான் இருக்கும். ஒரே ரேஷன் கார்டோடு இருவர் வரிசையில் நிற்பது போல. விண்டோஸ் இரண்டாவதை ஆஃப்லைனில் தள்ளிவிடும். நாம் அதை ஆன்லைன் ஆக்கினால், முட்டிக்கொள்ளாமல் இருக்க அதற்கு ஒரு புது எண்ணை எழுதிவிடும். ஆனால் அந்த டிஸ்க்குக்குள் இருக்கும் பூட் குறிப்புகள் பழைய எண்ணைத்தான் தேடும். பார்த்த பாவத்துக்கு நகல் பூட் ஆகாமல் போகும். மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் 2011-லேயே இதை விளக்கி, சரிசெய்யும் வழியும் எழுதியிருக்கிறார். சரிசெய்யலாம்தான், ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு மட்டும்.

ஏற்கனவே முனகிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைக் குளோன் செய்வது தனிப் பாவம். 1 டிபி டிஸ்க்கை நொடிக்கு 120 எம்பி வேகத்தில் முழுதாக வாசிக்க இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அது மாரத்தான் ஓட்டம். கெட்ட செக்டர் வந்தால் சாதாரண மென்பொருள் அங்கேயே மோதிக்கொண்டு நிற்கும், அல்லது பாதியில் கைவிடும். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ மாதிரி இதற்கென்றே எழுதிய கருவி நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்டதைக் கடைசியில்தான் சுரண்டும்.

சர்வரை நிறுத்தாமல் ஓடும்போதே குளோன் எடுக்கலாம் என்பது விளம்பரங்களில் முதல் வரியாக வரும். விண்டோஸின் ஷேடோ காப்பி வசதி ஒரு நொடியில் டிஸ்க்கை உறைய வைத்து, உறைந்த அந்தத் தோற்றத்தைக் கொடுக்கும். அந்த வசதியோடு பேசத் தெரிந்த டேட்டாபேஸ்கள் அதற்குமுன் கையிலிருக்கும் வேலையை எழுதி முடித்துக்கொள்ளும். பேசத் தெரியாத மென்பொருள்களுக்கு அந்த நகல், கரண்ட் போன நொடியில் டிஸ்க் எப்படிக் கிடந்ததோ அப்படிக் கிடைக்கும். மதிய உணவு வேளையில் எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஐந்து பேர் என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால் அதிர்ஷ்டம்தான்.

ரான்சம்வேர் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2017 மே மாதத்தில் உலகைச் சுற்றிய வானாக்ரை, கோப்புகளைப் பூட்டியதோடு ஷேடோ காப்பிகளையும் அழித்துவிட்டுத்தான் பணம் கேட்டது. யுஎஸ்பியில் எந்நேரமும் செருகியே இருக்கும் குளோன் டிஸ்க் அதன் கண்ணில் இன்னொரு டிரைவ் எழுத்து, அவ்வளவே. கழற்றி பீரோவில் வைத்தது தப்பிக்கும். அதே பீரோ, அதே அறை, அதே கட்டடம் என்றால் தீயும் வெள்ளமும் திருடனும் பாக்கி. பீரோவில் வைப்பது எஸ்எஸ்டி என்றால் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயுள் முழுக்க எழுதித் தேய்ந்த சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரியில் ஓர் ஆண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை. புதியது இன்னும் அதிக காலம் தாங்கும். வெப்பம் கூடக் கூட அந்தக் காலம் சுருங்கும். எங்கள் ஊரில் மே மாதம் பீரோவுக்குள் கைவிட்டுப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

கம்பெனிகளுக்குச் சட்டமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கம்பெனிகள் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, மின்னணுவில் கணக்கு வைக்கும் கம்பெனி அதன் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும். அதற்கு முன் 'அவ்வப்போது' என்றுதான் இருந்தது. கணக்குப் புத்தகங்களை எட்டு ஆண்டு காக்கவும் வேண்டும். வாரம் ஒருமுறை மாற்றி எழுதப்படும் ஒரே டிஸ்க்கை வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எதற்கும் பதில் சொல்ல முடியாது.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், பழுதான நகல் சர்வரில் அழிப்பதாக நினைத்து அசல் சர்வரின் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்தார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். அசலை அப்படியே பின்பற்றும் நகல் சர்வர் இருந்தது, தினசரி பேக்கப்பும் இருப்பதாக நம்பியிருந்தார்கள். திறந்து பார்த்தால் பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வரே நிராகரித்திருந்தது. கடைசியில் காப்பாற்றியது, சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியின் நகல். பச்சை விளக்கு எரிந்தது என்பதற்கும் தரவு திரும்பி வரும் என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அவர்களே ஒளிவுமறைவின்றி எழுதி வைத்திருக்கிறார்கள்.

மாற்றாக என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். டிஸ்க்கை டிஸ்க்காக நகலெடுப்பதை விட்டு, டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் ஒரே கோப்பில் அடக்கும் இமேஜ் கோப்பாக எடுக்கிறோம். முதல் நாள் முழுசு, அடுத்த நாளிலிருந்து மாறியது மட்டும். முழு குளோனாக 30 நாள் வைக்க 30 டிஸ்க் வேண்டும். இப்படி எடுத்தால் ஒன்றே கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். எந்த நாளையும் திறந்து ஒரே ஒரு கோப்பை மட்டும் உருவலாம். கணக்குக் கோப்புறைகளின் நகல் ஒவ்வொரு இரவும் பூட்டு போட்டு வெளியே ஒரு சர்வருக்குப் போகிறது. மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்று புகைப்படக்காரர் பீட்டர் கிரோ சொல்லிப் பரவிய கணக்கை ஏறக்குறைய எட்டியிருக்கிறோம். 48 இலக்க எண்கள் எல்லாம் தாளில் அச்சாகி ஆடிட்டர் வீட்டில் இருக்கின்றன. மாதம் ஒரு நாள், ஏதாவது ஒரு பார்ட்டியின் பழைய கோப்பைச் சீட்டுக் குலுக்கி எடுத்து மீட்டுப் பார்க்கிறோம். இரண்டாவது மாதமே ஒன்று திறக்கவில்லை. அது நல்ல காலம், வேண்டாத கோப்பு.

அந்த மில் கணக்கு கிடைத்ததா? ஜூலையில் மில்லின் கணக்காளர் மெயிலில் அனுப்பிய ஜிப் கோப்பு ஒன்று இன்பாக்ஸில் கிடந்தது. அதற்குப் பின் அலுவலகத்தில் செய்த திருத்தங்களையெல்லாம் இரண்டு பேர் மூன்று இரவு உட்கார்ந்து திரும்பப் போட்டார்கள். ஆடிட்டர் யாரையும் திட்டவில்லை, என்னைத் தவிர.

டாக் இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன மாதம் சர்வருக்கு அதே அளவில் எஸ்எஸ்டி மாற்றினோம். அதற்கு அதைவிடத் தோதான கருவி கிடையாது. இரண்டே மணி நேரத்தில் விண்டோஸும் செட்டிங்ஸும் பிரிண்டரும் அப்படியே புது டிஸ்க்குக்குக் குடிபோய்விட்டன. செருகுவதற்கு முன் தம்பி, "எந்தப் பக்கம் பழசுங்கண்ணா?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு டிஸ்க்கிலும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, பேனாவைத் தேடிக்கொண்டிருந்தான்.